நான்கு மணி நேரம்தானே?



சபராளியின் வீட்டில் ஒரு மவ்த் நிகழ்ந்ததும், கூடியிருப்போர் வாயிலிருந்து முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "மகன் எப்போது வருகிறார்?" அவர் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ இருக்கிறார் என்றால், கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார்: "திருச்சிக்கு நான்கு மணி நேரம்தானே!"

இந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அது பொய்யான எண் அன்று. கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையையும் வங்காள விரிகுடாவையும் கடந்து, நேரடி விமானம் இத்தொலைவைச் சுமார் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே பிற்பகல் 2.30க்குப் புறப்பட்டால் இங்கே மாலை 4 மணிக்கு இறங்கிவிடலாம். பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் போலவே தோன்றும். ஆனால் இந்த எண்ணை நம்பி ஒரு ஜனாஸாவை நிறுத்தி வைப்பது சரியா என்பதே என் கேள்வி. ஒருமுறை அப்படி நிறுத்தி வைக்கச் சொன்னவன் நான் என்பதால் இதைக் கேட்கிறேன்.

பதினெட்டில் நான்கு

என் வாப்பா வஃபாத்தானபோது நான் கிள்ளானில் வேலையில் இருந்தேன். செய்தி வந்தபோது அங்கே அதிகாலை 5 மணி. ஊரில் இரவு 2.30. தொலைபேசியில் நானா அழவில்லை. "எப்போது வருகிறாய்?" என்று மட்டும் கேட்டார். "நான் வரும்வரை வைத்திருங்கள்" என்றேன். அந்த நொடியில் என் மனத்திலும் அந்த நான்கு மணி நேரம்தான் இருந்தது. லுஹருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றே எண்ணினேன்.

நடந்தது வேறு. என் கடவுச்சீட்டு முதலாளியின் அலுவலகப் பெட்டியில் இருந்தது. அலுவலகம் திறக்க மணி ஒன்பது. பொறுப்பாளர் வந்து அதைக் கையில் தர மணி பத்து. காலை விமானம் அதற்குள் போய்விட்டது. நண்பர் ஒருவர் தேடிப் பிடித்த சீட்டு பிற்பகல் 2.30 விமானத்துக்கு. திருச்சியில் இறங்கியபோது மாலை 4. குடிநுழைவு வரிசையைக் கடந்து வெளியே வர ஐந்து. அங்கிருந்து நாகூர்ப் பக்கம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தஞ்சாவூர், திருவாரூர் நெரிசலைத் தாண்டி வீட்டு வாசலில் கார் நின்றபோது இரவு 8.30. செய்தி வந்த நேரத்திலிருந்து பதினெட்டு மணி நேரம். அதில் விமானம் பறந்தது நான்கு மணி நேரம். எல்லாம் தடையின்றி நடந்த நாளின் கணக்கு இது. விமானம் தாமதமாகவில்லை, மழை இல்லை, சீட்டும் கிடைத்தது.

நான் வந்தபோது தெருவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. லுஹருக்கே வந்துவிட்ட முதியவர்கள் சிலர் இன்னும் அங்கேயே அமர்ந்திருந்தனர். மையவாடியில் கபர் காலையிலேயே தோண்டப்பட்டுக் காத்திருந்தது. வாப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அதன் கண்ணாடியில் படிந்த ஈரத்தை நானா துணியால் துடைத்துத் துடைத்து விட்டிருக்கிறார். குளிப்பாட்டி, கஃபனிட்டு, இஷாவுக்குப் பின் தொழவைத்து அடக்கம் செய்து திரும்பியபோது மணி பதினொன்றை நெருங்கியது.

முகம் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பார்வை எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று சொல்ல இன்றும் நாவு எழவில்லை. மறுநாள் உம்மாவின் அறையில் அமர்ந்திருந்தபோது அவர் சொன்ன சொல்தான் தங்கிவிட்டது. "ஒங்க வாப்பா உசுரோட இருந்த வரைக்கும் யாரையும் காக்க வச்சதில்ல. நேத்து ஊரே அவங்களுக்காகக் காத்து நின்னுச்சு. எனக்கு இப்படிச் செஞ்சிடாதே வாப்பா." கோபத்தில் சொன்னதன்று, கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கப்பல் காலத்தின் தெளிவு

எங்கள் பாட்டனார் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' கப்பலைத் தெரியாத குடும்பம் எங்கள் கடற்கரையில் குறைவு. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் எண்பதுகளின் நடுப்பகுதிவரை ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து அக்கரை சேர ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்கில் கடை வைத்திருந்தவருக்குத் தந்தையின் மவ்த் தந்தியாகவோ கடிதமாகவோ வந்து சேரும்போது, ஊரில் அடக்கம் முடிந்திருக்கும். அவர் பள்ளிவாசலுக்குச் சென்று, ஜமாஅத்தாருடன் மறைவான ஜனாஸா தொழுகை தொழுவார். கடையை ஓரிரு நாள் மூடுவார். அடுத்த முறை ஊர் வரும்போது முதலில் மையவாடிக்குப் போய் ஸலாம் சொல்வார்.

அவர்களுடைய துயரம் நம்முடையதைவிடக் குறைந்ததன்று. ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. 'காத்திருக்கலாமா' என்று எவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று ஒரு வாரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. சுருங்கியதால் முடிவு எளிதாகியிருக்க வேண்டும். மாறாகக் கடினமாகிவிட்டது. வர இயலாது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு அருகில் இருக்கிறோம். உரிய நேரத்தில் வந்து சேர முடியாத அளவுக்குத் தொலைவிலும் இருக்கிறோம். சபராளிக் குடும்பங்கள் படும் அவதியெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

மார்க்கம் காட்டும் வழி

ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதற்கான காரணத்தையும் நபியவர்களே விளக்கினார்கள். இறந்தவர் நல்லவராக இருந்தால் அவரை நன்மையின்பால் கொண்டு சேர்க்கிறோம். அவ்வாறில்லையெனில் ஒரு சுமையை நம் தோளிலிருந்து இறக்கி வைக்கிறோம். இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டியது, மய்யித்தின் உரிமையே முன்னிறுத்தப்பட்டுள்ளது என்பதாகும். உயிரோடிருப்பவரின் ஆறுதல் அடுத்ததாகவே வருகிறது.

அதற்காகக் காத்திருத்தலே கூடாது என்று மார்க்கம் கதவடைக்கவுமில்லை. உடல் மாறுபடும் அச்சம் இல்லாதவரை, அருகில் இருக்கும் பொறுப்பாளருக்காகச் சற்றுக் காத்திருப்பதை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். கூட்டம் பெருக வேண்டும் என்பதற்காகத் தாமதிப்பதை அவர்கள் விரும்பவில்லை. எனவே கேள்வி 'காத்திருக்கலாமா' என்பதன்று, 'எவ்வளவு' என்பதே. இங்கேதான் அந்த நான்கு மணி நேரம் நம்மை ஏமாற்றுகிறது. 'சற்று' என்று எண்ணித் தொடங்கும் காத்திருப்பு பதினெட்டு மணி நேரமாகிறது. பாதி வழியில் கைவிடவும் மனம் வருவதில்லை. இவ்வளவு நேரம் காத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் என்றே தோன்றும்.

தாமதமாக வந்து சேரும் மகனுக்கும் மார்க்கம் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இறந்தபோது, நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே தோழர்கள் அடக்கம் செய்துவிட்டனர். பின்னர் அவரைக் காணாது விசாரித்த நபியவர்கள், கபர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். அபிசீனிய மன்னர் நஜாஷி மறைந்த செய்தியை அறிவித்துவிட்டு, மதீனாவிலேயே தோழர்களை அணிவகுக்கச் செய்து அவருக்காகத் தொழவைத்தார்கள். மறைவான ஜனாஸா தொழுகையை ஷாஃபிஈ மத்ஹப் ஏற்கிறது. ஹனஃபி மத்ஹப் ஏற்பதில்லை. கபரருகே தொழுவதற்கான நிபந்தனைகளிலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஆனால் துஆவில் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மனிதன் இறந்தபின் தொடரும் மூன்று நன்மைகளில் ஒன்றாகப் பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையை நபியவர்கள் குறிப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை ஏதும் வைக்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காத்திருப்பு என்று வந்தால் நம் சமூகம் மகனுக்காகவே காத்திருக்கிறது. அதே மலேசியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்காகக் குளிர்பெட்டி வரவழைத்த வீட்டை நான் கண்டதில்லை. "அவள் வந்து என்ன செய்யப் போகிறாள்?" என்று சொல்லிவிடுகிறோம். மகள் வராததைத் தாங்கிக்கொள்ள முடிகிற குடும்பத்துக்கு, மகன் வராததைத் தாங்கிக்கொள்ளவும் முடியும். காத்திருப்பில் எவ்வளவு மார்க்கம், எவ்வளவு ஊர்ப்பேச்சு என்பதை இந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

நேரத்தை வக்தைக் கொண்டு அளப்போம்

என் கருத்து இதுதான். அடக்க நேரத்தை விமான நேரத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது; தொழுகை வக்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். மவ்த் நிகழ்ந்ததும் குடும்பத்தார் அமர்ந்து, குளிப்பாட்டுவதற்கும் கஃபனிடுவதற்கும் கபர் தோண்டுவதற்கும் இயல்பாக எந்த வக்து ஆகும் என்று பார்க்கட்டும். மகனிடம் கேட்க வேண்டியது 'விமானம் எத்தனை மணிக்கு' என்பதன்று. 'உன் கையில் கடவுச்சீட்டு இருக்கிறதா, சீட்டு உறுதியாகிவிட்டதா, வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நிற்பாய்' என்பதே. அந்த வக்துக்குள்ளோ, அதற்கு அடுத்த வக்துக்குள்ளோ அவர் வாசலில் நிற்பார் என்றால் காத்திருக்கலாம். இல்லையென்றால் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டு ஜனாஸாவை எடுத்துவிடலாம். இது நான் வகுக்கும் சட்டமன்று. ஜமாஅத்துகளும் ஆலிம்களும் கூடிப் பேசித் தத்தம் ஊருக்கேற்ப ஒரு வழக்கமாக்கலாம் என்ற யோசனை மட்டுமே. வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால், அழுதுகொண்டிருக்கும் வீட்டார் அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய பாரமும் குறையும்; "மகன் வருவதற்குள் தூக்கிவிட்டார்கள்" என்ற பழியும் எவர் மீதும் விழாது.

சபராளிகள் செய்ய வேண்டியவையும் உண்டு. கடவுச்சீட்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றி ஒருவர் மற்றவரின் கடவுச்சீட்டை வைத்திருப்பது குற்றமாகும். முதலாளியும் அதற்கு விலக்கல்லர். அன்று அதிகாலை என்னுடையது என் கையில் இருந்திருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். கடவுச்சீட்டும் வேலை அனுமதியும் காலாவதியாகும் நாளைக் குறித்து வையுங்கள். ஒரு வழிப் பயணச்சீட்டுக்கான பணத்தை வேறெதற்கும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப் போடாதீர்கள். வஸிய்யத்தை எழுதி வைத்திருப்பது நபிவழி. என் உம்மா வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல் எங்கள் குடும்பத்தை எவ்வளவு பெரிய சோதனையிலிருந்து காத்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

உம்மா ஆறாண்டுகளுக்குப் பின் ஒரு சுபுஹு நேரத்தில் வஃபாத்தானார்கள். இம்முறை நானா கேட்கவில்லை, நானே சொன்னேன்: "எனக்காக வைக்காதீர்கள்." லாத்தா தன் கையால் குளிப்பாட்டினார். லுஹருக்குப் பின் நானா தொழவைத்தார். அந்த நேரத்தில் நான் கோலாலம்பூர் விமான நிலையத்தின் தொழுகை அறையில் அமர்ந்து உம்மாவுக்காகத் துஆச் செய்துகொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு ஊர் வந்து, மறுநாள் சுபுஹுக்குப் பின் நானாவுடன் மையவாடிக்குச் சென்றேன். மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. கபரருகே நின்று தொழுதேன். முகம் பார்க்கவில்லை. ஆனால் உம்மா கேட்டதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி இருந்தது. வாப்பாவின் முகத்தைப் பார்த்தபோது கிட்டாத நிம்மதி அது.

நான்கு மணி நேரத்தின் உண்மையான பயன்

இறுதியாக ஒரு கணக்கு. உங்கள் தந்தைக்கு வயது 65 என்று வைத்துக்கொள்வோம். அல்லாஹ் அவருக்கு இன்னும் பத்தாண்டுகள் ஹயாத்தைத் தருகிறான் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருகிறீர்கள். ஐந்து விடுப்புகள், 150 நாட்கள். அதில் பாதி கல்யாண விருந்துகளிலும், வீடு கட்டும் வேலையிலும், நண்பர்களின் அழைப்புகளிலும் போய்விடும். உங்கள் தந்தையுடன் நீங்கள் இனிக் கழிக்கப்போகும் நாட்கள் மூன்று மாதம்கூட இல்லை. 'நான்கு மணி நேரம்தானே' என்ற எண்ணம்தான் இக்கணக்கை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று எண்ணுவதால் நாம் போகாமலேயே இருந்துவிடுகிறோம்.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், சென்ற காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விரைந்து திரும்பச் சொன்னது உயிரோடிருப்பவர்களிடம். பாட்டனாருக்கு ஒரு வாரமாக இருந்த கடலை நமக்கு நான்கு மணி நேரமாக்கித் தந்தது அல்லாஹ்வின் அருட்கொடை. அதை ஜனாஸாவுக்கு ஓடி வருவதற்காக மட்டும் எடுத்து வைத்திருப்பது அந்த அருட்கொடைக்குச் செய்யும் நன்றியன்று. காரணம் ஏதுமின்றி ஒரு நீண்ட வார இறுதியில் வந்து, உம்மா ஆக்கிய சோற்றை உண்டு, வாப்பாவுடன் ஜும்ஆவுக்கு நடந்து போய்விட்டுத் திரும்புங்கள். செலவுதான், விடுப்புக்கு முதலாளியிடம் கெஞ்ச வேண்டியும் இருக்கும். மவ்த் செய்தி வந்த அன்று இதே செலவைக் கடன் வாங்கியாவது செய்யத்தான் போகிறோம்.

ஊரில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வந்து சேர முடியாத மகனைப் பற்றி மையவாடியில் நின்று பேசாதீர்கள். அவர் அந்த நேரத்தில் எந்த விமான நிலையத்தின் எந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை அல்லாஹ் அறிவான்.

நம் பெற்றோருக்கு உடல்நலத்துடன் கூடிய நீண்ட ஆயுளையும், மறைந்துவிட்டவர்களுக்கு மஃக்ஃபிரத்தையும், தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் வந்து சேரும் வாய்ப்பையும், வர இயலாதபோது பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.